மனநலச் சொற்கள் வீடு வந்து சேர்ந்தன. உதவி எங்கே நிற்கிறது?

‘டிப்ரஷன்’, ‘ட்ரோமா’, ‘டாக்சிக்’, ‘ஆங்சைட்டி’. ஒரு தலைமுறைக்கு முன்பு மருத்துவமனையிலும் பல்கலைக்கழக வகுப்பறையிலும் மட்டுமே கேட்ட இந்தச் சொற்கள் இன்று நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன. இடைநிலைப்பள்ளி மாணவி தன் தோழியைப் பற்றிப் பேசும்போதும், வேலைக்குச் செல்லும் இளைஞர் தன் மேலாளரைப் பற்றிப் புலம்பும்போதும், புதிதாகத் திருமணமானவர்கள் மாமியார் வீட்டைப் பற்றிக் குறைபடும்போதும் இவை தானாக வந்து விழுகின்றன. ‘ஹீலிங் போகிறோம்’ என்றால் நம் நாட்டு இளையோர் பேச்சில் கேமரன் மலைக்கோ லங்காவிக்கோ சுற்றுலா போகிறார்கள் என்று பொருள். சிகிச்சை அறையின் மொழி அன்றாட மொழியாகிவிட்டது.

இதை வரவேற்பதா, இதைக் கண்டு கவலைப்படுவதா என்ற விவாதம் பல நாடுகளில் நடக்கிறது. மலேசியத் தமிழர்களுக்கு அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. சொற்கள் கைப்பேசி வழியாக ஒரே நாளில் வந்துவிடுகின்றன. அவற்றின் பின்னால் வரவேண்டிய மருத்துவரும், ஆலோசகரும், தமிழில் கேட்டுத் தமிழில் பதில் சொல்லும் ஆளும் அதே வேகத்தில் வரவில்லை. இந்த இடைவெளியில் அதிகம் பாதிக்கப்படுபவர்கள், அந்தச் சொற்களை இன்னும் கேட்டிராத பெற்றோரும் தாத்தா பாட்டிகளும்தான்.

வசைச்சொல்லான ஓர் ஊர்

நம் சமூகம் மனநோயை எப்படிப் பார்த்தது என்பதற்கு ஓர் ஊர்ப்பெயரே சாட்சி. பேராக், தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை, பிற்காலத்தில் பஹாகியா மருத்துவமனை என்று பெயர் மாற்றப்பட்டது. ‘பஹாகியா’ என்றால் மகிழ்ச்சி. ஆனால் அந்த நல்ல பெயர் மக்கள் வாயில் ஒட்டவில்லை. ஊர்ப்பெயர்தான் ஒட்டிக்கொண்டது, அதுவும் வசையாக. ‘உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்’ என்பது தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் பல தலைமுறைகள் கேட்டு வளர்ந்த வாக்கியம். தெற்கே ஜொகூரில் இருப்பவர்களுக்கு அந்த இடத்தில் தம்போய் என்ற பெயர் இருந்தது.

வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்றால் அது வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் அடுத்த பிள்ளைக்கு வரன் அமையாது. எனவே குறி கேட்பது, கயிறு கட்டுவது, போமோவிடம் போவது என்று ஆண்டுகள் ஓடும். கடைசியில் மருத்துவரிடம் போகும்போது நோய் முற்றியிருக்கும்.

திரைப்படமும் தன் பங்குக்கு ஒரு பாடம் நடத்தியது. 2005-இல் வெளிவந்த ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ இரண்டும் இங்கே வீடு வீடாகப் பார்க்கப்பட்டவை. இரண்டிலும் மனநோய் என்றால் ஓர் உடலுக்குள் இன்னொரு ஆள் புகுந்துகொள்வது. ‘சந்திரமுகி’யில் மனநல மருத்துவரையே கதாநாயகனாக்கினார்கள் என்பது ஒரு முன்னேற்றம். ஆனாலும், காலையில் படுக்கையை விட்டு எழ முடியாமல், சாப்பாட்டில் ருசி தெரியாமல், யாரிடமும் பேசப் பிடிக்காமல் இருக்கும் ஒரு சாதாரணக் குடும்பத்தலைவிக்கும் நோய் இருக்கலாம் என்று அந்தப் படங்களிலிருந்து யாரும் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், இன்றைய இளையோர் ‘எனக்கு மனசு சரியில்லை, நான் ஒரு கவுன்சலரைப் பார்க்கிறேன்’ என்று வெளிப்படையாகச் சொல்வது சிறிய மாற்றமல்ல. மூடிவைக்கப்பட்ட ஒரு கதவை அவர்கள் திறந்திருக்கிறார்கள்.

நூறு வெள்ளி அபராதம் சொன்ன பாடம்

சொற்கள் சட்டத்தையும் மாற்றியிருக்கின்றன. தற்கொலைக்கு முயல்பவரைக் குற்றவாளியாகக் கருதி ஓராண்டு வரை சிறையில் அடைக்க வழிசெய்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு நீண்ட காலம் நடப்பில் இருந்தது. அதை நீக்கும் மசோதா 2023 மே மாதம் மக்களவையில் நிறைவேறியது. சிங்கப்பூர் அதே பிரிவை 2020-இன் தொடக்கத்திலேயே கைவிட்டுவிட்டது. உயிரை விட முயன்றவரைக் காவல் நிலையத்திற்கு அனுப்புவதா, மருத்துவரிடம் அனுப்புவதா என்ற கேள்விக்குச் சட்டம் இப்போது மருத்துவர் பக்கம் நிற்கிறது. அவர் நோயாளி என்ற எண்ணம் பரவாமல் இது நடந்திருக்காது.

குடும்ப வன்முறைச் சட்டமும் அப்படித்தான். 1994-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது, உளவியல் ரீதியான கொடுமையும் உணர்வுக்கு ஏற்படும் காயமும் அதன் வரையறைக்குள் வந்தன. ‘அடிக்கவே இல்லையே, பேசினேன், அவ்வளவுதானே’ என்று கணவர் சொல்லித் தப்பிக்க முடியாத ஓர் அடிப்படை பெண்களுக்குக் கிடைத்தது.

2024 ஜூலையில் தமிழ்ச் சமூக ஊடகத்தில் அறியப்பட்ட ஒரு பெண், இணையப் பகடிவதைக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொண்ட சம்பவம் நம் சமூகத்தை உலுக்கியது. அது தொடர்பான ஒரு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு 100 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. பொதுமக்கள் கொதித்தார்கள். பயன்படுத்தப்பட்டது சிறு குற்றங்கள் சட்டம். ஒருவர் மனத்தைத் திட்டமிட்டுச் சிதைப்பதைத் தனிக் குற்றமாகச் சொல்லும் பிரிவு அப்போது தண்டனைச் சட்டத்தில் இல்லை. அதன் பிறகே 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய பிரிவுகளைச் சேர்த்தது; 2025 ஜூலையில் அவை நடப்புக்கு வந்தன. துன்புறுத்தலால் ஒருவர் தற்கொலைக்குத் தூண்டப்பட்டால் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இப்போது இடமுண்டு.

ஒரு காயத்திற்குப் பெயர் இல்லாவிட்டால் அதற்கு நீதியும் கிடைக்காது என்பதை அந்த 100 வெள்ளி காட்டியது. ஆகவே ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் மனநலம் என்கிறார்கள்’ என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

சொல்லின் எல்லை விரியும்போது

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. மெல்பர்ன் பல்கலைக்கழக உளவியலாளர் நிக் ஹாஸ்லம் 2016-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், கொடுமை, பகடிவதை, ட்ரோமா, மனநோய், அடிமைப்பழக்கம், பாரபட்சம் ஆகிய ஆறு கருத்துகளும் சில பத்தாண்டுகளில் எப்படி விரிந்தன என்று காட்டினார். முன்பு மிகக் கடுமையான நிலைகளை மட்டும் குறித்த சொற்கள், மெல்ல மெல்ல லேசான நிலைகளையும் தமக்குள் இழுத்துக்கொண்டன என்பது அவருடைய வாதம்.

‘ட்ரோமா’வை எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் காயம் என்று பொருள். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயைச் சேர்த்தது. சாதாரண மனித அனுபவத்திற்கு அப்பாற்பட்ட நிகழ்வு ஒன்று அதற்குக் காரணமாக இருக்கவேண்டும் என்பது அன்றைய வரையறை. போர், சித்திரவதை, பாலியல் வன்முறை, பேரிடர் போன்றவை அதில் அடங்கும். இன்று கணக்குப் பாட ஆசிரியர் வகுப்பில் திட்டியதும் ‘ட்ரோமா’, காதலர் பதில் அனுப்பாததும் ‘ட்ரோமா’.

இதில் தமிழுக்கு ஒரு தனி இழப்பு இருக்கிறது. பெரியவர்கள் நம்மை நடத்தும் விதத்தைச் சொல்லத் தமிழில் படிப்படியான சொற்கள் உண்டு. கண்டிப்பு, திட்டு, ஏச்சு, அவமானம், கொடுமை. ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. கண்டிப்பான அப்பாவும் கொடுமைக்கார அப்பாவும் ஒன்றல்ல என்று தமிழ் பேசும் எவருக்கும் தெரியும். ‘டாக்சிக்’ என்ற ஒற்றைச் சொல் வந்ததும் இந்தப் படிகள் அனைத்தும் மறைந்துவிடுகின்றன. இரவு பத்து மணிக்குள் வீட்டுக்கு வா என்று சொல்லும் தாயும், மகளின் சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு அடிக்கும் தாயும் ஒரே கூடையில் விழுகிறார்கள். முதல் தாய்க்கு இது அநியாயம். இரண்டாவது தாயின் மகளுக்கு இது பேராபத்து. அவள் உதவி கேட்கும்போது, கேட்பவர் இதையும் வழக்கமான புலம்பலாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

சமூக ஊடகக் காணொளிகள் தரும் அறிவுரைகளும் பெரும்பாலும் வேறு வாழ்க்கைச் சூழலில் பிறந்தவை. ‘உங்களைக் காயப்படுத்துபவரை வாழ்க்கையிலிருந்து வெட்டிவிடுங்கள்’ என்பது, தனி வீடும் தனி வருமானமும் உள்ளவருக்குச் சொல்லப்படுவது. இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில் ஏழு பேர் இருக்கும் குடும்பத்தில், அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் 20 வயது இளைஞர் யாரை வெட்டிவிட முடியும்? அவருக்குத் தேவை, அதே வீட்டுக்குள் இருந்துகொண்டு எப்படிப் பேசுவது, எதை விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று சொல்லித்தரும் ஒருவர்.

இரண்டு எண்கள், இரண்டு கேள்விகள்

மனநலம் பற்றிய செய்திகளில் வரும் எண்களையும் இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். சுகாதார அமைச்சின் 2015-ஆம் ஆண்டு தேசிய ஆய்வு, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. ‘மூவரில் ஒருவருக்கு மனநோய்’ என்ற தலைப்பு இன்றும் அடிக்கடி கண்ணில் படுகிறது. அதே அமைச்சின் 2019 ஆய்வில் பெரியவர்களிடையே மனச்சோர்வு 2.3 விழுக்காடு. 2023 ஆய்வில் அது 4.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய பத்து இலட்சம் பேர்.

29 எங்கே, 2 எங்கே என்று குழம்பத் தேவையில்லை. 2015-இல் கேட்கப்பட்டது பொதுவான மன உளைச்சலை அளக்கும் கேள்விகள். 2019-இலும் 2023-இலும் கேட்கப்பட்டது மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகள். முதலாவது, வாழ்க்கையின் சுமையை அளக்கிறது. இரண்டாவது, ஒரு நோயின் அறிகுறிகளைத் தேடுகிறது. இரண்டும் முக்கியம். ஆனால் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், சுமை தாங்குபவருக்கு மாத்திரை பரிந்துரைக்கப்படும். நோயாளிக்கு ‘கொஞ்சம் ஓய்வெடு’ என்ற அறிவுரை கிடைக்கும்.

உண்மையில் கவலைப்படவேண்டிய எண் அந்த இரட்டிப்பு. நான்கு ஆண்டுகளில் 2.3 என்பது 4.6 ஆனது. பள்ளி மாணவர்களிடையே 2022-இல் நடத்தப்பட்ட ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்ததாகவும், எட்டில் ஒருவர் தற்கொலை பற்றி நினைத்ததாகவும் கூறியது. இவை கேள்வித்தாள் வழி கிடைத்த விடைகள். மருத்துவர் பரிசோதித்துச் சொன்ன முடிவுகள் அல்ல. இருந்தாலும், பிள்ளைகள் ஒரு தாளில் இப்படி எழுதுகிறார்கள் என்பதே பெற்றோர் நின்று கவனிக்கவேண்டிய சங்கதி.

தமிழில் ஒரே சொல்

பள்ளியில் அந்தப் பிள்ளை நிரப்பும் தாள் மலாய் மொழியில் இருக்கும். மலாயில் மனச்சோர்வுக்குக் ‘கெமுருங்ஙான்’, மன அழுத்தத்திற்குத் ‘தெக்கானான்’ என்று தனித்தனிச் சொற்கள் நிலைபெற்றுவிட்டன. சுகாதார அமைச்சின் அறிக்கை, பள்ளி, வானொலி எல்லாமே அதே சொற்களைப் பயன்படுத்துகின்றன.

தமிழில் நிலைமை வேறு. நாளிதழ்களிலும் செய்தித் தளங்களிலும் ‘மன அழுத்தம்’ என்ற சொல் வேலைப்பளுவுக்கும் வருகிறது, மருத்துவர் மருந்து தரவேண்டிய மனச்சோர்வுக்கும் வருகிறது. ‘மன உளைச்சல்’, ‘மனவேதனை’, ‘விரக்தி’ ஆகியவையும் இடம் மாறி மாறி வருகின்றன. தற்கொலைச் செய்திகளில் ‘மன அழுத்தம் காரணமாக’ என்பது கிட்டத்தட்ட ஒரு வாய்பாடாகிவிட்டது.

இதன் விளைவு வீட்டில் தெரிகிறது. பள்ளி ஆலோசக ஆசிரியர் மகளுக்குக் ‘கெமுருங்ஙான்’ அறிகுறி இருக்கிறது என்று சொல்கிறார். மகள் அதைத் தாயிடம் ‘டிப்ரஷன்’ என்கிறாள். தாய்க்குத் தெரிந்த தமிழில் அது ‘மன அழுத்தம்’ ஆகிறது. அழுத்தம் யாருக்குத்தான் இல்லை? அவர் காலையில் நான்கு மணிக்கு எழுந்து தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்கிறார். ‘எனக்கு இல்லாத அழுத்தமா உனக்கு?’ என்று கேட்கிறார். தாய் கல்நெஞ்சக்காரி அல்ல. அவருக்குக் கொடுக்கப்பட்ட சொல் அவரை அப்படித்தான் கேட்க வைக்கிறது.

மனச்சோர்வு என்பது, குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய நாள் முழுவதும், மனம் தாழ்ந்தே இருப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போவது. தூக்கம், பசி, உடற்சக்தி, கவனம் ஆகியவை குலைவதும், தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் வருவதும், சாவைப் பற்றிய நினைப்பு எழுவதும் அதன் மற்ற அடையாளங்கள். இப்படி விளக்கிச் சொன்னால், அதே தாய் ‘ஆமாம், ஒரு மாதமாகவே பிள்ளை அப்படித்தான் இருக்கிறாள்’ என்று சொல்லக்கூடும். மனச்சோர்வை மனச்சோர்வு என்றும், அழுத்தத்தை அழுத்தம் என்றும், பதற்றத்தைப் பதற்றம் என்றும் பிரித்து எழுதும் பொறுப்பு தமிழ் ஊடகங்களுக்கு இருக்கிறது. இதற்குப் புதிய சொல்லாக்கக் குழு தேவையில்லை. இருக்கும் சொற்களை ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும்.

மனத்துக்குள் தள்ளப்படும் சிக்கல்கள்

சிகிச்சை மொழி பரவுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியே தீர்க்கவேண்டிய சிக்கலை அது ஆளின் மனத்துக்குள் தள்ளிவிடக்கூடும்.

2021 ஜூன் இறுதியில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் நடுவே, உணவில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டும் இயக்கம் தொடங்கியது நினைவிருக்கும். காவல்துறைக் கணக்கின்படி 2020-இல் 631 ஆக இருந்த தற்கொலைச் சம்பவங்கள் 2021-இல் 1,142 ஆக உயர்ந்த ஆண்டு அது. ஓர் உயிர்ப்பலிக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த வாரங்களில் கொடி கட்டிய வீட்டுக்கு முதலில் தேவைப்பட்டது அரிசியும் பால்மாவும் வாடகைப் பணமும்தான். அக்கம்பக்கத்தார் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சி அதற்குப் பின்னால் வரவேண்டியது.

‘பர்ன் அவுட்’ என்று சொல்லப்படும் வேலைச்சோர்வும் அப்படியே. 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை நோயாக வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத நீண்டகால வேலையிட அழுத்தத்தின் விளைவு என்றே விளக்கியது. அப்படியானால் மருந்து வேலையிடத்தில் இருக்கிறது. ஆள் குறைப்பு, இரட்டை ஷிப்டு, தாமதமாக வரும் சம்பளம் ஆகியவற்றைத் தொடாமல், ஊழியர்களை ஒரு நாள் தன்முனைப்பு முகாமுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனம், தன் பொறுப்பை ஊழியரின் மனத்தின் மேல் இறக்கி வைக்கிறது.

எல்லாருக்கும் ஒரே மனநலப் பாடம் நடத்தினால் பலன் கிடைக்கும் என்பதும் உறுதியில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து, மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சியைச் சோதித்தார்கள். 2022-இல் வெளியான முடிவின்படி, வழக்கமான பாடம் படித்த மாணவர்களைவிட அப்பயிற்சி பெற்றவர்களின் மனநலம் மேம்படவில்லை. தேவைப்படுபவரைக் கண்டுபிடித்து அவருக்கு உரிய உதவியைக் கொண்டுசேர்ப்பது கடினமான வேலை. மண்டபத்தில் அனைவரையும் உட்காரவைத்துப் பேசுவது அதற்கு ஈடாகாது.

யாரால் போக முடிகிறது?

2018-இல் நாட்டில் இருந்த மனநல மருத்துவர்கள் 410 பேர். ஒரு இலட்சம் மக்களுக்கு 1.27 பேர் என்ற கணக்கு. அதிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில். சுமார் 20 இலட்சம் இந்தியர்கள் வாழும் நாட்டில், மனத்தில் உள்ளதைத் தமிழில் சொன்னால் புரிந்துகொள்ளும் மருத்துவரையோ ஆலோசகரையோ அருகிலேயே கண்டுபிடிப்பது பலருக்கும் எளிதல்ல. கையை உடைத்துக்கொண்டவர் எந்த மொழியிலும் காட்டிவிடலாம். மனத்தை மொழியில்தான் காட்டமுடியும். ‘நெஞ்சு பாரமா இருக்கு’, ‘மனசு அடிச்சுக்குது’, ‘ஒரு பிடிப்பே இல்லை’ என்பவற்றை உடைந்த மலாயில் சொல்லும் ஓர் அறுபது வயது அம்மாவுக்கு, இதயப் பரிசோதனையும் வாயு மாத்திரையும் கிடைத்துவிட்டு அதோடு முடிந்துவிடலாம்.

தனியார் ஆலோசனை ஓர் அமர்வுக்கு நூறு வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வாரம் ஒருமுறை போகச் சொன்னால் அந்தக் குடும்பத்தில் எதை நிறுத்துவது? 2022 வரவு செலவுத் திட்டம் மனநல ஆலோசனைக்கும் 1,000 வெள்ளி வரையிலான வரிக்கழிவில் இடம் கொடுத்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்குத்தான் அது பயன்படும்.

இந்த வெற்றிடத்தில் புதியவர்கள் நுழைகிறார்கள். ‘ஹீலர்’, ‘லைஃப் கோச்’ என்ற பட்டங்களோடு இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, பதிவு பெறாத ஒருவர் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மருத்துவ உளவியலாளர்கள் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். பதிவு பெற்ற ஆலோசகரின் பெயருக்குப் பின்னால் ‘கே.பி., பி.ஏ.’ என்ற எழுத்துகளும் பதிவு எண்ணும் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் தேவையில்லை.

‘ரொம்ப யோசிக்காதே’

நம் வீடுகளில் மனம் உடைந்தவரிடம் முதலில் சொல்லப்படும் வார்த்தை ‘ரொம்ப யோசிக்காதே’ என்பதுதான். ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுபவர்களும் மனத்துயரத்தை ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள்.

அந்த நாட்டிலும் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், மருத்துவர்களுக்காகக் காத்திருக்காமல், ஊரில் மதிக்கப்படும் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கிளினிக் வளாகத்தில் மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் பாட்டி உட்கார்ந்து, வருபவரின் சிக்கலைக் கேட்டு, எதை முதலில் தீர்க்கலாம் என்று சேர்ந்து யோசிப்பார். நோயின் பெயராக மருத்துவச் சொல் வரவில்லை. ‘குஃபுங்கிசிசா’ என்ற ஊர்ச்சொல்லே வந்தது. தலைநகர் ஹராரேயின் 24 கிளினிக்குகளில் 573 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வெளிவந்தது. ஆறு மாதத்திற்குப் பிறகு, பெஞ்சுக்கு வந்தவர்களிடம் அறிகுறிகள் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன.

மரத்தடியும் பாட்டிமார்களும் நமக்குப் புதிதல்ல. தோட்ட லயன்களில் மாலை நேரத்தில் அந்த வேலை தானாக நடந்துகொண்டிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது அந்தத் திண்ணைப் பேச்சும் கலைந்தது. எதிர்வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியாத மாடியில், கைப்பேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இளையோர் அதில் சிகிச்சைச் சொற்களைத் தேடுவது வீம்பினால் அல்ல. கேட்க ஆள் இல்லாததால்.

பழைய திண்ணையை அப்படியே புகழ்வதும் சரியாகாது. அங்கே ஆறுதல் கிடைத்தது. அதே அளவுக்குப் புறணியும் கிடைத்தது. அடி வாங்கிய மனைவியிடம் ‘பொறுத்துக்கோ’ என்று சொன்னதும் அதே திண்ணைதான். ஜிம்பாப்வே பாட்டிமார்களுக்கும் நம் பழைய திண்ணைக்கும் உள்ள வேறுபாடு பயிற்சியில் இருக்கிறது: கேட்டதை வெளியே சொல்லாதது, தீர்ப்புச் சொல்லாதது, தன்னால் முடியாத நிலை வந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புவது.

நம் சமூகத்தில் இதற்கான இடங்கள் இருக்கின்றன. ஆலய மண்டபங்கள், மகளிர் குழுக்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், குடியிருப்புச் சங்கங்கள். ஆண்டுதோறும் திருவிழாவுக்கும் தன்முனைப்பு முகாமுக்கும் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, பதிவு பெற்ற தமிழ் ஆலோசகர் ஒருவரின் மேற்பார்வையில் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து இரண்டு மணி நேரம் அவர்களில் இருவர் ஓர் அறையில் இருந்தால், யாராவது வந்து பேசத் தொடங்குவார்கள். அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதும் உண்டு: சுகாதார அமைச்சின் மனநலக் கேள்வித்தாள்கள் எல்லாக் கிளினிக்குகளிலும் தமிழிலும் கிடைக்கவேண்டும், அவசர அழைப்பில் தமிழ் பேசுபவர் இருப்பது தற்செயலாக இருக்கக்கூடாது.

இன்றைக்கே பயன்படுத்தக்கூடிய வழியும் ஒன்று இருக்கிறது, பலருக்கு அது தெரியவில்லை. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். காய்ச்சலுக்குப் போவது போலவே, ‘இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை’ என்று அங்கே சொல்லலாம். தேவையானால் அங்கிருந்தே மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தாய்க்கு மொழி தடையென்றால் பிள்ளை உடன் போகலாம். ‘டிப்ரஷன்’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட தலைமுறை, அதைத் தன் பெற்றோருக்காகவும் ஒருமுறை பயன்படுத்தினால், வீட்டில் அது சண்டைக்கான சொல்லாக மட்டும் இருக்காது.

*மனத்துயரில் இருப்பவர்களும் அவர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் அழைக்கலாம். மலேசியா: பிஃப்ரண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் சேவை 15555, தாலியான் காசே 15999. சிங்கப்பூர்: சமாரிட்டன்ஸ் 1767, தேசிய மனநல உதவி எண் 1771.*